சீட்டு யாருக்கு என்று சொல்லும் உரிமை யாருடையது?

2022 மார்ச் 4ஆம் தேதி தமிழகம் முழுவதும் மேயர், நகராட்சித் தலைவர், பேரூராட்சித் தலைவர் பதவிகளுக்கு மறைமுகத் தேர்தல் நடந்தது. அண்ணாகிராமம் ஒன்றியத்தை ஒட்டியுள்ள நெல்லிக்குப்பம் நகராட்சியில் தலைவர் பதவியைத் தி.மு.க. தலைமை தன் கூட்டணியில் இருந்த விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கு ஒதுக்கி அறிவித்திருந்தது. ஓட்டு எண்ணி முடித்தபோது தலைவராகி இருந்தவர் தி.மு.க. உறுப்பினர். சிறுத்தைகளின் வேட்பாளர் தோற்றிருந்தார். தமிழகத்தில் வேறு சில ஊர்களிலும் இதே கதை நடந்தது. கூட்டணிக்கு ஒதுக்கிய இடங்களில் போட்டியிட்டு வென்ற தன் கட்சியினர் உடனே பதவி விலக வேண்டும் என்று தி.மு.க. தலைவரும் முதலமைச்சருமான மு.க. ஸ்டாலின் அறிக்கை விட்டார். சிலர் விலகினார்கள், சிலர் விலகவில்லை.

அதே நாளில் கடலூர் மாநகராட்சியிலும் சிக்கல். கட்சி அறிவித்த மேயர் வேட்பாளர் சுந்தரி ராஜாவை எதிர்த்து அதே கட்சியைச் சேர்ந்தவரே நின்றார். சுந்தரி ராஜா வென்று கடலூரின் முதல் மேயரானார். அந்தப் பூசல் தொடர்பாகக் கடலூர் சட்டமன்ற உறுப்பினர் மீதே கட்சி நடவடிக்கை எடுத்தது.

கடலூரில் தலைமையின் சொல் நின்றது. பக்கத்திலேயே நெல்லிக்குப்பத்தில் நிற்கவில்லை. இரண்டு ஊரிலும், யார் வேட்பாளர் என்பதை எந்த முறையில் தேர்ந்தெடுத்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்று ஊர் மக்களுக்கும் தெரியாது, வார்டு உறுப்பினர்கள் பலருக்கும் தெரியாது. தலித் மக்களின் அரசியலை இந்தக் கேள்வி எப்படித் தொடுகிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம். ஓட்டுப் போடும் உரிமை நமக்கு உண்டு. தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும் உண்டு. நம்மில் யார் நிற்பது என்று முடிவு செய்யும் உரிமை யார் கையில் இருக்கிறது?

ஒரு கையெழுத்தில் முடியும் கதை

சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் ஒருவர் கட்சி வேட்பாளராக நிற்க இரண்டு படிவங்கள் வேண்டும். வேட்பாளரை அறிவித்துக் கையெழுத்துப் போடும் அதிகாரம் எங்கள் கட்சியில் இன்னாருக்கு உண்டு என்று சொல்வது 'ஏ' படிவம். இந்தத் தொகுதியில் எங்கள் வேட்பாளர் இவர் என்று அந்த இன்னார் கையெழுத்திட்டுக் கொடுப்பது 'பி' படிவம். மனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் இரண்டும் தேர்தல் அலுவலர் கைக்குப் போய்விட வேண்டும். அந்த நேரம் வரைக்கும் கட்சி மனம் மாறினால் முன்பு கொடுத்ததை ரத்து செய்து வேறொருவர் பெயரில் புதிய 'பி' படிவம் கொடுக்கலாம். இதெல்லாம் 1968ஆம் ஆண்டின் தேர்தல் சின்னங்கள் ஆணையில் உள்ள விதிகள்.

அந்த 'பி' படிவத்தில் ஒருவர் பெயர் எப்படி வந்தது என்று கேட்கும் விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின் கீழ் கட்சிகள் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்கின்றன. உள்கட்சித் தேர்தல் நடத்தி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆணையம் கேட்கிறது. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றி அது கேட்பதில்லை. கட்சிகளின் உள்ஜனநாயகத்துக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 170வது அறிக்கையில் 1999லேயே பரிந்துரைத்தது. கால் நூற்றாண்டு கடந்தும் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சிக்கும் அதில் அவசரம் இருக்கவில்லை.

அண்ணாகிராமம் பக்கத்து மக்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பாரம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. கடலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 விழுக்காடு. மாவட்டத்தின் 9 சட்டமன்றத் தொகுதிகளில் திட்டக்குடியும் காட்டுமன்னார்கோவிலும் மட்டுமே தனித்தொகுதிகள். அண்ணாகிராமம் ஒன்றியம் அந்த இரண்டிலும் இல்லை. கடலூர் நாடாளுமன்றத் தொகுதியும் பொதுத்தொகுதி. ஆகவே இங்குள்ள தலித் வாக்காளர், பெரிய கட்சி ஒன்று பொதுத்தொகுதியில் தலித் ஒருவருக்குச் சீட்டுக் கொடுத்தால் ஒழிய, வெல்லக்கூடிய தலித் வேட்பாளர் ஒருவருக்குச் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடவே முடியாது. அவருக்கு மிஞ்சுவது உள்ளாட்சியின் தனி வார்டுகள். அங்கே ஒன்றிய வார்டுக்கும் மாவட்ட வார்டுக்கும் கட்சிச் சின்னத்தில்தான் போட்டி. ஒன்றியச் செயலாளர் சொல்லி, மாவட்டச் செயலாளர் ஒப்பி, ஒரு பெயர் வருகிறது. நம் தெருவுக்குத் தகவல்தான் வருகிறது.

நமக்கென்று ஒரு முதல்நிலைத் தேர்தல் இருந்தது

கட்சி வேட்பாளர் யார் என்பதை மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் முறைக்கு அமெரிக்காவில் 'பிரைமரி' என்று பெயர். நாம் முதல்நிலைத் தேர்தல் என்று சொல்லலாம். இது வெளிநாட்டுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் சட்டப்படி அப்படி ஒரு தேர்தல் நடந்திருக்கிறது. நடந்தது தலித் மக்களுக்காக.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதி கொடுத்தது. அதாவது மாகாண சபைகளில் குறிப்பிட்ட இடங்களுக்கு நம் மக்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நம் பிரதிநிதியை அனுப்பலாம். அதை எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கருடன் நம் மாகாணத்தின் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். தனி வாக்காளர் தொகுதி போனது. பதிலுக்கு இடங்கள் கூடின. மாகாண சபைகளில் 71 என்று இருந்தது 148 ஆனது. சென்னை மாகாணத்துக்கு 18 என்று இருந்தது 30 ஆனது.

அந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவை நம் மாணவர்கள் படித்திருக்க மாட்டார்கள். தனி இடம் உள்ள தொகுதியில், பொது வாக்காளர் பட்டியலில் இருக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் முதலில் தங்களுக்குள் ஒரு தேர்தல் நடத்துவார்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு. அதிக ஓட்டு வாங்கும் நான்கு பேர் அந்த இடத்துக்கான வேட்பாளர்கள். பிறகு எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து அந்த நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்தாண்டுக்குப் பிறகு இந்த முதல்நிலைத் தேர்தல் முடிந்துவிடும் என்றும் எழுதி வைத்தார்கள்.

எழுத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு ஒரு தொகுதியில் ஆயிரம் தலித் ஓட்டுகள் விழுகின்றன என்று வையுங்கள். முதலாமவருக்கு 600, இரண்டாமவருக்கு 250, மூன்றாமவருக்கு 100, நான்காமவருக்கு 50. நான்கு பேரும் இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டார்கள். 600 வாங்கியவருக்கு அதனால் ஒரு சலுகையும் கிடையாது. இறுதிச் சுற்றில் பிற சாதியாரின் பல்லாயிரம் ஓட்டுகள் 50 வாங்கியவர் பக்கம் சாய்ந்தால் அவர்தான் உறுப்பினர். நம் மக்களில் இருபதில் ஒருவர் மட்டும் விரும்பியவர் நம் எல்லோருக்கும் பிரதிநிதி ஆகிவிடுவார். இந்த ஓட்டையைத்தான் அம்பேத்கர் பின்னர் தன் எழுத்துகளிலும் மனுக்களிலும் விடாமல் சுட்டிக்காட்டினார்.

சின்ன விதியில் பெரிய சண்டை

ஒப்பந்தம் கையெழுத்தானதோடு சண்டை ஓயவில்லை. விதிகளை எழுதும் கட்டத்தில் மறுபடியும் தொடங்கியது. தொகுதிகளையும் வாக்களிக்கும் முறையையும் வகுத்தது லாரி ஹாமண்ட் தலைமையிலான குழு. அதன்முன் இரண்டு கேள்விகள் எழுந்தன.

முதல் கேள்வி: நான்கு பேர் என்பது குறைந்தபட்சமா, அதிகபட்சமா? நான்கு பேராவது இருந்தால்தான் தேர்தல் செல்லும் என்று சாதி இந்துக்கள் தரப்பில் வாதிட்டார்கள். அப்படி வைத்தால் நம் ஆட்கள் ஒன்றுகூடி ஒரே ஒருவரை நிறுத்த முடியாது. எதிர்த்தரப்புக்கு வேண்டிய ஒருவர் எப்படியும் நால்வரில் நுழைந்துவிடுவார். நான்கு என்பது அதிகபட்சம்தான், ஒருவர் மட்டும் நின்றாலும் செல்லும் என்றார் அம்பேத்கர்.

இரண்டாவது கேள்வி: ஒரே தொகுதியில் பொது இடமும் தனி இடமும் சேர்ந்து இருக்கும்போது வாக்காளருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டு உண்டு. அவற்றை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துத்தான் போட வேண்டுமா, எல்லாவற்றையும் ஒருவருக்கே போடலாமா? பிரித்துத்தான் போட வேண்டும் என்றால், பிற சாதியார் தங்கள் ஆளுக்கு ஓர் ஓட்டுப் போட்ட பின் மிச்ச ஓட்டைத் தனி இடத்தின் மேல் கொட்டித் தங்களுக்குப் பிடித்த தலித்தைத் தேர்ந்தெடுத்துவிடலாம். ஒருவருக்கே குவிக்கலாம் என்றால் அவரவர் ஆளைக் காப்பாற்றுவதில் அவரவர் ஓட்டுப் போய்விடும், தனி இடத்தில் நம் ஓட்டுக்கு மதிப்பு இருக்கும். இந்த இரண்டு கேள்விகளிலும் அம்பேத்கர் தரப்பின் நிலையையே ஹாமண்ட் குழு ஏற்றது.

இரண்டும் கணக்கு வாத்தியார் வேலை போலத் தெரியும். ஆனால் நூலிழையில் நிற்கும் போட்டியில் யார் ஜெயிப்பது என்பதை இப்படிப்பட்ட சின்ன விதிகள்தான் முடிவு செய்கின்றன. அம்பேத்கர் அதை அறிந்து ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கு நின்றார்.

1937 தேர்தல் நடந்தது. அப்போது எல்லோருக்கும் ஓட்டு இல்லை. சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் ஓட்டுரிமை. அதனால் நம் கூலிக்காரர்களில் பெரும்பாலோர் பட்டியலிலேயே இல்லை. நான்கு பேருக்கு மேல் மனுச் செய்யாத இடங்களில் முதல்நிலைத் தேர்தலுக்குத் தேவையும் எழவில்லை. நாடு முழுவதும் 151 தனி இடங்களில் காங்கிரஸ் வென்றது 78 என்று அம்பேத்கர் கணக்குக் கொடுக்கிறார். சென்னை மாகாணத்தில் 30க்கு 26.

அந்த 26 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. 1938ல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். முதலமைச்சராக இருந்த ராஜாஜி அதை ஏற்கவில்லை. மசோதா தோற்றது. தனி இடங்களில் 26 ஆளுங்கட்சியிடம் இருந்த அவையில், கோயில் வாசல் நமக்குத் திறக்க வேண்டும் என்ற மசோதா விழுந்தது. சீட்டுக் கொடுத்தவர் யாரோ அவர் சொல்லைத்தான் உறுப்பினர் கேட்க வேண்டியிருக்கும். இதில் தனி மனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை.

டெக்சாஸில் நடந்தது

இதே காலத்தில் அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். டெக்சாஸ் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி வைத்ததுதான் சட்டம். அந்தக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் ஜெயித்தவர் இறுதித் தேர்தலிலும் ஜெயித்ததற்குச் சமம். அந்த முதல்நிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்று கட்சி விதி வைத்திருந்தது. இறுதித் தேர்தலில் கறுப்பர் ஓட்டுப் போடத் தடை இல்லை. ஆனால் அங்கே முடிவு செய்ய எதுவும் மிச்சமில்லை. கட்சி என்பது தனியார் சங்கம், அதன் உள்விவகாரத்தில் அரசு தலையிட முடியாது என்று வாதிட்டார்கள்.

ஹூஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பல் மருத்துவர் லோனி ஸ்மித் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல். 1944 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. மக்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் ஒரு படியாக இருக்கிற எதையும் கட்சியின் சொந்த விஷயம் என்று ஒதுக்க முடியாது என்பதே அதன் சாரம்.

டெக்சாஸ் கறுப்பர்களுக்கு முதல் சுற்றை மறுத்துக் கடைசிச் சுற்றைக் கொடுத்தார்கள். நமக்கு முதல் சுற்றைக் கொடுத்துக் கடைசிச் சுற்றை மற்றவர் கையில் வைத்தார்கள். இரண்டு இடத்திலும் ஓட்டு இருந்தது, தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு

1950ல் வந்த அரசமைப்புச் சட்டம் 330, 332 பிரிவுகளில் தனித்தொகுதிகளைக் கொடுத்தது. முதல்நிலைத் தேர்தலைக் கைவிட்டது. 1952, 1957 தேர்தல்களில் பல இடங்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. நம் பகுதியின் எல். இளையபெருமாள் 1952ல் கடலூரிலிருந்தும் 1957ல் சிதம்பரத்திலிருந்தும் இப்படிப்பட்ட தொகுதிகளில் நாடாளுமன்றம் சென்றவர். தீண்டாமை பற்றி ஆராய்ந்து 1969ல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவரும் அவரே. அந்தத் தேர்தல்களில் வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. ஹாமண்ட் குழுவின் முன் அம்பேத்கர் எதிர்த்து வென்ற முறை வேறு வழியில் திரும்பி வந்துவிட்டது. 1952ல் வடக்கு பம்பாய் இரட்டைத் தொகுதியில் அம்பேத்கரே 14 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் நாராயண் கஜ்ரோல்கரிடம் தோற்றார். 1961ல் இரட்டைத் தொகுதிகளை ஒழித்தார்கள். அன்று முதல் தனித்தொகுதி என்பது தனியாகப் பிரிந்தது.

இன்று தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 தலித்களுக்கான தனித்தொகுதிகள். நாடாளுமன்றத்துக்கு 39ல் 7. அங்கெல்லாம் தலித் ஒருவர்தான் வெல்வார், அதற்குச் சட்டம் காவல். அந்தத் தலித் யார் என்பதற்கு எந்தக் காவலும் இல்லை.

ஊராட்சிகளில் இதன் கோர முகத்தைக் கண்டிருக்கிறோம். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுக் காலம் தனி ஊராட்சித் தலைவர் பதவியை நம் மக்கள் வகிக்க முடியவில்லை. யாரும் மனுப் போடவிடாமல் தடுத்தார்கள். இல்லையென்றால் ஆதிக்கச் சாதியினர் தாங்களே ஒரு தலித்தை நிறுத்தி, ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். மேலவளவில் அந்தத் தடையை மீறித் தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அவருடன் சேர்த்து ஆறு உயிர்கள் போயின. நம் மாவட்டத்தில் பண்ருட்டி அருகே ஓர் ஊராட்சியின் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாக 2019 டிசம்பரில் செய்தி வந்தது. மிரட்டலும் ஏலமும் கட்சி அலுவலகத்தின் மூடிய அறையும் ஒன்றல்ல. ஆனால் மூன்றிலும் மனுத் தாக்கலுக்கு முன்பே தேர்தல் முடிந்துவிடுகிறது.

87 ஓட்டு

போட்டி நெருக்கமாக இருக்கும்போது வேட்பாளர் தேர்வும் சின்னமும் எவ்வளவு முக்கியம் என்பதைக் கடலூர் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோவில் தனித்தொகுதியில் தொல். திருமாவளவன் அ.தி.மு.க.வின் முருகுமாறனிடம் 87 ஓட்டில் தோற்றார். 2019ல் சிதம்பரம் நாடாளுமன்றத் தனித்தொகுதியில் அதே திருமாவளவன் அ.தி.மு.க.வின் சந்திரசேகரை 3,219 ஓட்டில் வென்றார். சுமார் 10 லட்சம் ஓட்டு இருவருக்கும் விழுந்த தொகுதியில் அது விளிம்பு வெற்றி.

அந்த 2019 தேர்தலில் சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். விழுப்புரத்தில் அதே கட்சியின் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார். இது வெறும் படம் பற்றிய விஷயம் இல்லை. ஒரு கட்சியின் சின்னத்தில் நிற்பவர் சட்டத்தின் கண்ணில் அந்தக் கட்சியின் வேட்பாளர். வென்றபின் அந்தக் கட்சிக் கொறடாவின் உத்தரவுக்கு அவர் கட்டுப்பட வேண்டும். பெரிய கட்சியின் சின்னம் வெற்றியை எளிதாக்கும், குரலைக் கட்டிப்போடும். தனிச் சின்னம் குரலைக் காக்கும், வெற்றியை 3,219க்கு இறக்கிவிடும். 2024ல் இரண்டு தொகுதியிலும் பானையிலேயே நின்று வென்றபின் 2025 ஜனவரியில் அந்தக் கட்சிக்கு மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைத்தது. எந்தச் சின்னம் என்பதும் 'பி' படிவத்தோடு சேர்ந்து வரும் கேள்விதான். அதையும் கூட்டணிப் பேச்சு நடக்கும் அறையிலேயே முடிக்கிறார்கள்.

கட்சிகள் சொல்லும் காரணம் ஒன்றே: ஜெயிக்கிற ஆளைத்தானே நிறுத்த முடியும். அந்த ஜெயிக்கிற ஆளை அளப்பது எப்படி? தனித்தொகுதியில் கூடுதல் ஓட்டு பிற சாதியாருடையது. அவர்களுக்குச் சங்கடம் தராத, கேள்வி கேட்காத தலித்தைத்தான் ஜெயிக்கிற ஆள் என்று கணக்குப் போடுகிறார்கள். 1937ல் இறுதிச் சுற்று செய்த வேலையை இன்று நேர்காணல் அறை செய்கிறது.

பணக் கணக்கும் பார்ப்போம். சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 10,000 ரூபாய். தலித், பழங்குடி வேட்பாளருக்கு 5,000. பொதுத்தொகுதியில் நின்றாலும் அவர்களுக்கு அதே பாதிதான். ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்கினால் பணம் திரும்பி வரும். 2021ல் தி.மு.க.வில் விருப்ப மனுக் கட்டணம் 25,000 ரூபாய். பெண்களுக்கும் தனித்தொகுதிக்கும் 15,000. அரசு ஆளைப் பார்த்துச் சலுகை தருகிறது, கட்சி தொகுதியைப் பார்த்துத் தருகிறது. பொதுத்தொகுதியைக் கேட்கும் தலித் ஆண் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். உன் இடம் தனித்தொகுதி என்று ரசீதே சொல்லிவிடுகிறது. அதே ஆண்டு சிறுத்தைகள் திருப்போரூர், நாகப்பட்டினம் என்ற இரண்டு பொதுத்தொகுதிகளைக் கேட்டு வாங்கி இரண்டிலும் வென்றார்கள். கேட்டால் கிடைக்கும், நின்றால் வெல்லவும் முடியும்.

எதிர்வாதங்கள்

உள்கட்சித் தேர்தல் வைத்தால் பணக்காரர்தான் ஜெயிப்பார் என்பார்கள். இப்போது மட்டும் ஏழையா ஜெயிக்கிறார்? மூடிய அறையில் பணம் சிலருக்கு மட்டும் போகிறது, வெளியே தெரிவதில்லை.

காங்கிரஸ் செய்து பார்த்ததே என்பார்கள். உண்மைதான். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் ராகுல் காந்தியின் முயற்சியில் பதினைந்தை ஒட்டிய தொகுதிகளில் உள்கட்சி முதல்நிலைத் தேர்தல் நடந்தது. வதோதராவில் நரேந்திர ராவத் என்பவர் அதில் வென்றார். அங்கே நரேந்திர மோடி நிற்பதாக அறிவிப்பு வந்ததும் அவர் ஒதுங்கிக்கொள்ள, மூத்த தலைவர் மதுசூதன் மிஸ்திரி வேட்பாளரானார். அந்த முடிவைக் கட்டாயமாக்கும் விதி இல்லாததுதான் அங்கே குறை. தேர்தல் வைத்ததில் தவறில்லை.

நம் கட்சிகளில் தலைவரே நம்மவர், பிறகு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. தலித் கட்சிகளும் வேட்பாளர் பட்டியலைத் தலைமையிடமிருந்தே வெளியிடுகின்றன. தி.மு.க.விடமும் அ.தி.மு.க.விடமும் கேட்கும் நியாயத்தை நாம் நம் வீட்டிலும் கேட்க வேண்டும். நெல்லிக்குப்பத்தில் நமக்கு ஒதுக்கிய இடம் பறிபோனபோது நாம் கோபப்பட்டோம். அந்த இடத்துக்கு நம்மில் யார் என்று நம் கட்சித் தொண்டர்களைக் கேட்டார்களா என்பதும் அதே கோபத்தோடு கேட்க வேண்டிய கேள்வி.

நாம் கேட்க வேண்டியவை

2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி, ஒன்றிய, மாவட்ட உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஊரக உள்ளாட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் அண்ணாகிராமம் ஒன்றியத்தில் ஒவ்வொரு கட்சியின் ஒன்றியச் செயலாளரிடமும் எழுத்தில் கேட்க வேண்டியவை என்று நாம் கருதுவது இவை.

ஒன்று, தனி வார்டுக்கு விருப்ப மனுக் கொடுத்தவர்கள் அனைவர் பெயரையும் கட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும்.

இரண்டு, அந்த வார்டில் உள்ள கட்சியின் தலித் உறுப்பினர்கள் ரகசிய ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் வந்தவர் பெயர்தான் 'பி' படிவத்தில் வர வேண்டும். பூனா ஒப்பந்தத்தின் ஓட்டை இங்கே அடைபடும். அன்று நான்கு பேரை அனுப்பி, அவர்களில் யார் என்பதை மற்றவர்கள் கையில் விட்டோம். ஒவ்வொரு கட்சியும் முதலில் வந்த ஒருவரை மட்டும் அனுப்பினால், இறுதியில் எந்தக் கட்சி வென்றாலும் வென்றவர் நம் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவராக இருப்பார்.

மூன்று, உறுப்பினர் பட்டியலைத் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே முடித்து வெளியிட வேண்டும். ஒரு வார்டில் இப்படிப்பட்ட ஓட்டுகள் நாற்பதோ ஐம்பதோதான் இருக்கும். கடைசி வாரத்தில் பத்துப் பேரைச் சேர்த்தால் முடிவு மாறிவிடும்.

நான்கு, ஓட்டுச் சமமானால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பொதுத்தேர்தலில் ஓட்டுச் சமமானால் குலுக்கல் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. மறு எண்ணிக்கை, பிறகு குலுக்கல் என்று கட்சியும் எழுதி வைத்தால் தோற்றவரும் ஏற்றுக்கொள்வார். விதி இல்லாத இடத்தில்தான் போட்டி வேட்பாளர் முளைக்கிறார்.

ஐந்து, தலித் விண்ணப்பதாரருக்கு எந்த வார்டானாலும் எந்தத் தொகுதியானாலும் பாதிக் கட்டணம்.

ஆறு, கூட்டணியில் ஒரு பதவியை ஒதுக்கினால் அதை எழுத்தில் ஒதுக்கி, அந்த ஊர் உறுப்பினர்களின் ஒப்புதல் கையெழுத்தையும் முன்பே வாங்க வேண்டும். கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்பின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்குத்தான். நகராட்சி, ஒன்றிய உறுப்பினரை அது கட்டுப்படுத்தாது. மறைமுகத் தேர்தலில் தலைமையின் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதை 2022 மார்ச் 4 காட்டிவிட்டது.

இவற்றில் எதற்கும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கட்சியின் ஓர் ஒன்றியக் கிளை மனம் வைத்தால் போதும். கட்சியில் உறுப்பினராக இருக்கும் நம் இளைஞர்கள் உறுப்பினர் அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொடி கட்டுவதோடு நிற்க வேண்டாம். அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுந்து, நம் வார்டு வேட்பாளரை எந்த விதிப்படி தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள், அந்த விதி எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பதிலைக் கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.